பன்னிரண்டு மாதத்துக்கு ஒரே ரசீது

பினாங்கில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பல வருடங்கள் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். பிள்ளைகள் மாதாமாதம் கட்ட வேண்டிய பணத்தைப் பள்ளிச் சம்பளம் என்போம். அதை எழுதி வைப்பதும் வசூலிப்பதும்தான் என் வேலை. ஐந்தாம் வகுப்பு வரை ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். கையெழுத்து நன்றாக இருந்ததால் அந்த வேலை கிடைத்தது. ஆட்களோடு பேசும் திறமையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

வசூலுக்குப் போன இடத்தில் நான் வாய் திறந்து பணம் கேட்டதே இல்லை. போய் நிற்பேன், அவ்வளவுதான். மாதம் இருபத்தைந்தாம் தேதி ஆனதும் ரசீதுப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். வீட்டு வாசலிலோ கடை ஓரத்திலோ, அந்த மனிதரின் கண்ணில் படும்படி நிற்பேன். "என்ன கிராணி, இந்தப் பக்கம்?" என்றால், "சும்மாதான் வந்தேன்" என்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பணம் எடுத்து வருவார்கள். "காலண்டர் பாக்க வேணாம் லா, கிராணி வந்து நின்னா தேதி இருபத்தஞ்சு" என்று சுங்கை பினாங்கில் ஒரு வண்டிக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். எனக்குக் காது சூடாகிவிடும். ஆனாலும் பணம் வந்துவிடும். சத்தம் போட்டுக் கேட்கிற வசூல்காரர்களைவிட எனக்கு அதிகமாகவே வந்தது என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூடம் அவருடையது. சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், மூடிக் கிடந்த மளிகைக் கிடங்கின் மாடியை வாடகைக்கு எடுத்து நடத்தினார். முன்பு அங்கே ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார்கள். ஜப்பான்காரர்கள் வந்த பிறகு ஆங்கிலப் புத்தகங்களை எல்லாம் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, தமிழும் கணக்கும் வைத்துக்கொண்டு, மூன்று மாத வகுப்பில் தான் கற்ற ஜப்பான் மொழியைத் தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்ததால், பிள்ளைகள் வந்து சேரும்போது இன்னும் இருட்டு விலகியிருக்காது. மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில் என் மேசை. அங்கிருந்து பார்த்தால் கீழே தெருவில் நிற்பவர்களின் தலை தெரியும்.

ஜப்பான் ஆட்சி வந்து இரண்டு வருடம் ஆனபோது வாசல்களில் நிற்பது எனக்கு மிகவும் கடினமாகிவிட்டது. முன்பெல்லாம் நான் போய் நின்றால் சிரித்தவர்கள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தர மனமில்லாமல் இல்லை. கையில் இல்லை. ஒரு வீட்டில் அம்மா கதவைத் திறக்காமலே, "நாளைக்கு வாங்க அண்ணே" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மாதக் கடைசி வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வருடத் தொடக்கத்தில் பத்து மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று அறிவிக்கலாம். வசதி உள்ளவர்கள் கட்டிவிடுவார்கள், பள்ளிக்கூடத்துக்கும் கையில் பணம் இருக்கும் என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். இரண்டும் உண்மைதான். ஆனால் நான் அதை யோசித்த காரணம் வேறு. கட்டிவிட்டவர்களின் வாசலில் வருடம் முழுவதும் போய் நிற்க வேண்டியதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்ல யோசனை. நீர் இப்பிடியெல்லாம் யோசிப்பீர் எண்டு நான் நினைக்கேல்ல" என்றார்.

ஒன்பது குடும்பங்கள் கட்டின. முதலில் கட்டியவர் எங்கள் சந்தின் முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நானா. தமிழ் முஸ்லிம்; அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். அந்தத் தெருவில் எல்லோருக்குமே அவர் நானாதான். அவருடைய மூன்று பிள்ளைகள் எங்களிடம் படித்தார்கள். பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கட்டு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்து, "எண்ணிக்குங்க கிராணியாரே" என்றார். வாழைக்குலை படம் போட்ட ஜப்பான் நோட்டுகள். எண்ணினேன். காகிதம் கிடைக்காத காலம் என்பதால் பழைய கடைச் சிட்டைகளின் பின்பக்கத்தில்தான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஜப்பான் கணக்குப்படி ஆண்டைப் போட்டு, முதல் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை மூன்று பிள்ளைகளுக்கும் சம்பளம் முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இட்டுக் கொடுத்தேன். கடையை விட்டு வெளியே வந்தபோது இந்த வாசலுக்கு இனி அடுத்த வருடம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று என் நடையே லேசாக இருந்தது.

ஐந்தாம் மாதத்துக்குள் அந்தப் பணத்துக்கு மதிப்பில்லாமல் போனது. ஒரு பிள்ளையின் ஒரு மாதச் சம்பளமாக வாங்கிய நோட்டுகளைக் கொண்டுபோனால் சந்தையில் நான்கு மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். அடுத்த வாரம் மூன்று. ஆசிரியர்கள் மூன்று பேரும் தலைமை ஆசிரியரிடம் வந்து, நோட்டு வேண்டாம், சாப்பிடுகிற பொருளாக ஏதாவது கொடுங்கள் என்றார்கள். அவர் யோசித்து ஒரு விதி வகுத்தார். இனி ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒரு சிரட்டை உப்பு, அல்லது இரண்டு மரவள்ளிக் கிழங்கு, அல்லது கால் போத்தல் தேங்காய் எண்ணெய். எந்த வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவருவது அந்த வகுப்பு ஆசிரியருக்கு. என் மேசைக்குப் பக்கத்தில் மூன்று கூடைகள் வந்தன. சனிக்கிழமை மத்தியானம் ஆளுக்கொரு கூடை.

பெற்றோர்கள் இதை எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். கொல்லையில் கிழங்கு போடாத வீடு கிடையாது. பிள்ளைகளே கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். நான் எங்கும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒன்பது வீட்டுப் பிள்ளைகள் வெறுங்கையோடு வந்தார்கள். அவர்களிடம் பன்னிரண்டு மாதத்துக்கும் ரசீது இருந்தது. அவர்கள்மேல் தப்பும் இல்லை.

அந்தப் பிள்ளைகள் மொத்தம் இருபத்தொரு பேர். அதில் பதினான்கு பேர் சின்ன வகுப்பில் இருந்தார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது இது என் மனதில் படவே இல்லை. முதல் சனிக்கிழமை கூடைகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு கூடைகள் நிறைந்திருந்தன. சின்ன வகுப்பு டீச்சரின் கூடையில் அடிப்பிரம்பு தெரிந்தது.

அந்த டீச்சருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள். கணவர் சயாமில் ஜப்பான்காரர்கள் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. முதலில் ஒரு சேதி வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. நான்கு சனிக்கிழமை அவர் அந்தக் கூடையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஐந்தாவது சனிக்கிழமை என் மேசை முன் நின்றார்.

"கிராணி அண்ணே, இந்த மாசக் கடைசியோட நான் வேலைய விட்டு நிக்கிறேன். பெரியவர்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்ல."

"எங்க போறீங்க டீச்சர்?"

"நிபோங் திபால்ல எங்க அக்கா இருக்காங்க. ரப்பர் மரத்துக்கு நடுவுல மரவள்ளி போட்டிருக்காங்களாம். அங்க போனா புள்ளைங்க வயிறாவது நெறையும்."

நல்லதுதானே என்று நான் சொல்ல நினைத்தபோது, அவர் கூடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே மேலும் சொன்னார்.

"அவரு போறப்ப சொன்னாரு அண்ணே. வாடக வீட்ட நம்ப முடியாது, பள்ளிக்கூடம் எங்கயும் போவாது, யாருகிட்டயாவது சேதி அனுப்புனா பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவேன்னு. வந்தாலும் இங்கதான் வருவாரு."

"நான் இங்கதான இருக்கேன். வந்தா சொல்லி அனுப்புறேன்."

"நீங்க சொல்லுவீங்க. எனக்குத் தெரியும். ஆனா சேதி வர்ற அன்னைக்கு நான் இங்க இருக்கணும்னு ஒரு இது." அவர் கூடையைத் தூக்கிக்கொண்டார். "வருஷ சம்பளம் வாங்கலாம்னு பெரியவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ. அவரும் பாவம், என்ன செய்வாரு?"

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று அது பழக்கத்தினால் இல்லை.

தலைமை ஆசிரியரிடம் போனேன். அந்த ஒன்பது வீடுகளில் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். அவர் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். முத்திரையும் குத்திக் குடுத்திட்டு நான் எந்த முகத்தோட போய்க் கேக்கிறது? வேணுமெண்டா நீர் ஒருக்கா போய்க் கதைச்சுப் பாரும்."

நானா கடையிலிருந்து தொடங்கினேன். மற்ற எட்டுப் பேரில் பாதிப் பேர் அங்கே வந்து உட்காருகிறவர்கள். அவர் ஒப்புக்கொண்டால் அவர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கல்லாவிலிருந்து அவர் பார்க்கும்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"வாங்க கிராணியாரே" என்று சொல்லி, ஒரு குவளைக் காப்பி கொண்டுவந்து வைத்தார். சோளத்தைக் கருக வறுத்து இடித்த தூளில் போட்டது. அரிசிச் சோறு போட்ட கடையில் அப்போது மரவள்ளிப் புட்டும் அந்தக் காப்பியும்தான் இருந்தன. குடித்தேன். காசு கொடுக்கப் போனபோது, "பள்ளிக்கூடத்து ஆளுகிட்ட வாங்குவேனா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் போனேன். அதே காப்பி. அவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். நன்றாகப் படிக்கிறார்கள் என்றேன். புதன்கிழமையும் அப்படித்தான். இத்தனை வருடம் நான் போய் நின்றால் எல்லோருக்கும் புரிந்தது, அவர்கள் கொடுக்க வேண்டியிருந்ததால்தான். நானா எனக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. அதனால் நான் உட்கார்ந்திருந்ததில் அவருக்கு எதுவும் புரியவில்லை.

வியாழக்கிழமை நான் எழுந்தபோது கடைக்கு வெளியே வந்து, யாரும் பார்க்காதபடி என் பையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். வாழை இலையில் கட்டிய புட்டு. இன்னும் சூடாக இருந்தது.

"கூச்சப்படாதீங்க கிராணியாரே. எல்லாருக்கும் இப்ப இந்தக் கஷ்டந்தான். நாலு நாளா வந்து உக்காந்து, கேக்க வாய் வராம போறீங்க. எனக்குத் தெரியாதா?"

நான் பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து சின்ன வகுப்புக் கூடையில் வைத்தேன். தினமும் இப்படி வாங்கி வந்து வைத்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை.

டீச்சர் அன்று பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்துவதற்காக இருந்தார். போகும்போது பொட்டலத்தைப் பார்த்துவிட்டார்.

"இது யாரு குடுத்தது அண்ணே?"

"ஒரு பெற்றோர்."

"எந்தப் புள்ளையோட பேருல? எழுதிட்டீங்களா?"

கூடையில் விழும் ஒவ்வொரு கிழங்கையும் பிள்ளையின் பெயருக்கு நேராக எழுதி வைப்பது என் வழக்கம். அவருக்கும் தெரியும். பேரேட்டைத் திறந்தேன். பென்சிலை எடுத்தேன். எந்தப் பெயருக்கு நேராகவும் அதை எழுத முடியவில்லை. பள்ளிச் சம்பளமாக அது வரவில்லை. எனக்குப் போட்ட பிச்சை அது.

"நாளைக்கு எழுதுறேன் டீச்சர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானா தொழுகை முடிந்து கடையைத் திறக்கும் நேரத்துக்குப் போனேன். பெஞ்சில் உட்காரவில்லை. கல்லாவுக்கு முன்னால் போய் நின்றேன். காப்பி போட எழுந்தவரை வேண்டாம் என்று கையால் தடுத்தேன்.

"நானா, எனக்குப் பசி இல்ல. நான் பள்ளிச் சம்பளம் கேக்க வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து, மடித்து வைத்திருந்த ரசீதை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நான் எழுதுனது."

"பன்னெண்டு மாசம்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்புறம்?"

சொன்னேன். நோட்டுக்கு என்ன கிடைக்கிறது, மூன்று கூடைகள், சின்ன வகுப்புக் கூடை, டீச்சர் மாதக் கடைசியில் போகப்போவது, ஏன் அவர் இந்த ஊரிலேயே இருக்க நினைக்கிறார் என்பது. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கடைசியாக, அந்த வருடச் சம்பள யோசனை தலைமை ஆசிரியருடையது இல்லை, என்னுடையது என்றும் சொன்னேன். மாதாமாதம் வாசலில் வந்து நிற்கக் கூச்சமாக இருந்தது, அதனால்தான் என்றேன்.

நானா ரசீதை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"வருஷத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்னு பாத்தீங்க. இப்ப வாரம் பூரா என் கடையில வந்து உக்காந்திருக்கீங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க மட்டுந்தான் தப்பு பண்ணீங்கன்னு நெனைக்காதீங்க. வியாபாரிக்குத் தெரியாதா, அந்த நோட்டு எந்தப் பக்கம் போவுதுன்னு? டின்னுல வச்சிருந்தா காகிதமாப் போயிரும். யாருகிட்டயாவது தள்ளணும்னு இருந்தேன். நீங்களா வந்து கையேந்துனீங்க."

ரசீதை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"ஆனா ரெண்டு தடவ சம்பளம் கட்டுனா எனக்கும் கணக்கு ஒதைக்கும், மத்தவங்களும் என்னத் திட்டுவாங்க. ஒண்ணு பண்ணுங்க. மிச்ச மாசத்துக்குண்டான நோட்டத் திருப்பிக் குடுங்க. இந்த ரசீத வாங்கிக் கிழிச்சிப் போடுங்க. அடுத்த வாரத்துலேருந்து எல்லாரையும் போல நானும் எண்ணெ குடுக்குறேன். நோட்டு அடுப்பு பத்த வைக்கவாவது ஆவும்."

தலைமை ஆசிரியரின் அலமாரியில் அந்த நோட்டுகளில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. கட்டட முதலாளி வாடகையை அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்ததுதான் காரணம். அவரும் அந்த நோட்டை விரும்பவில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்று நான் சொன்னதும் தலைமை ஆசிரியர், "இது எனக்கு ஏன் முதலிலேயே தோணேல்ல?" என்று சொல்லி உடனே எண்ணிக் கொடுத்தார். நானாவிடம் கொண்டுபோனேன். ரசீதை அவர் முன்னாலேயே கிழித்தேன். நான் கிளம்பும்போது அவர் கூப்பிட்டார்.

"அந்தப் புட்டுப் பொட்டலத்த முதல் வாரக் கணக்குல வச்சிக்கலாம். மீதி எண்ணெயா வரும். இன்னொண்ணு, மத்த எட்டு வீட்டுக்கும் போறீங்கல்ல? அங்க போயும் சும்மா நிக்காதீங்க. உங்களுக்கும் சோறு போட்டு அனுப்பிருவாங்க."

எட்டு வீடுகளுக்கும் போனேன். எந்த வாசலிலும் கூச்சம் விடவில்லை. ஆனாலும் கேட்டேன். ஆறு வீடுகளில் நானா செய்ததைப் போலவே செய்தார்கள். ஒருவர் ரசீதை எடுத்துக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். இன்னொருவர், "எழுதுறப்ப யோசிச்சி எழுதணும்" என்றார். அதற்கு நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் வருடக் கடைசி வரை ஒன்றும் கேட்காமல் வைத்துக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை சின்ன வகுப்புக் கூடையின் அடிப்பிரம்பு தெரியவில்லை. டீச்சர் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போது அவரிடமும் சொன்னேன், அந்த வருடச் சம்பள யோசனை என்னுடையது என்று. அவர் போத்தலைக் கூடைக்குள் சாயாமல் வைத்தார்.

"ஒரு வருஷத்துக்கு எல்லாம் இப்படியேதான் இருக்கும்னு நெனச்சி எழுதுனீங்க. எங்க வீட்டுக்காரரும் மூணு மாசம்னு சொல்லிட்டுத்தான் போனாரு." பிறகு, "அக்காவுக்கு இப்ப வரலன்னு சொல்லி அனுப்பணும்" என்றார்.

அவர் போகவில்லை, பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டார். கிழங்கும் உப்பும் எண்ணெயுமாக அந்த வருடமும் அதற்கடுத்த வருடத்தில் பெரும்பகுதியும் போயின. சில வாரங்கள் கூடை நிறைந்தது, சில வாரங்கள் பாதிதான். வெள்ளிக்கிழமை தோறும் நான் நானா கடைக்குப் போய், "நானா, பள்ளிச் சம்பளம்" என்று கேட்டுத்தான் எண்ணெய் வாங்கினேன். கேட்காவிட்டால் அவர் வேண்டுமென்றே காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்.

சண்டை முடிந்தது. ஜப்பான்காரர்கள் போனார்கள். வாழைக்குலை நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. நானா அடுப்பில் போட்டாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளி என்று நாங்கள் சொல்லும் டாலர் நோட்டு இன்னும் சரியாகக் கைக்கு வராததால் கூடைகள் அப்படியே இருந்தன. கடிகாரத்தைப் பழைய நேரத்துக்குத் திருப்பி வைத்தோம்.

அப்படி ஒரு நாள் மத்தியானத்துக்கு முன்னால் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தபோது மாடிப்படியின் முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். சாக்கில் தைத்த சட்டை. கால்களில் புண் ஆறிய தழும்புகள். கையில் ஒரு மூட்டை. படி ஏறவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. மேலே இருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் அரைப் பக்கம் எழுதி முடித்து மறுபடியும் பார்த்தேன். அதே இடத்தில்தான் இருந்தார்.

அந்த மாதிரி நிற்பது எனக்குத் தெரிந்த விஷயம். கேட்க வேண்டியது ஒன்று இருக்கும். என்ன பதில் வருமோ என்று பயந்து அதைக் கேட்காமல் நிற்பது.

பென்சிலை வைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

"யாரப் பாக்கணும் தம்பி?"

அவர் மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சின்ன வகுப்பு டீச்சர்... இன்னும் இங்கதான்..."

"இங்கதான் இருக்காங்க. மேல வாங்க" என்றேன்.

அவர் மூட்டையை என்னிடம் கொடுக்கவில்லை. நான் முன்னால் ஏறினேன். மேலே சின்ன வகுப்பில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எப்போதும்போல நடுவில் தப்பு வந்தது. டீச்சர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். படியில் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் அந்தக் குரலைக் கேட்டதும் நின்றது. நானும் நின்று, அவர் மறுபடியும் ஏறத் தொடங்கும் வரை காத்திருந்தேன்.